கேணி வரை போன ரயில்

1

போன ஞாயிற்றுக்கிழமை பாய்லரைச் சோதித்துப் பார்த்தேன். நான் செய்துகொண்டிருக்கும் இரண்டாவது குட்டி எஞ்சினின் பாய்லர் அது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரையான நீளம். செம்புத் தகட்டை வளைத்து, உள்ளே குழாய்களைக் கோத்து, வெள்ளி வைத்துப் பற்றவைத்திருக்கிறேன். சோதனை என்றால் நெருப்பு மூட்டுவது இல்லை. பாய்லர் நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு குமிழிக் காற்றுகூட இல்லாமல் அடைத்து, கைப்பம்பால் மேலும் மேலும் தண்ணீரை ஏற்ற வேண்டும். ஓடும்போது தாங்க வேண்டிய அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு ஏற்றிவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தண்ணீரால் சோதித்தால் பலவீனமான இடத்தில் கசியும், அவ்வளவுதான். ஆவியால் சோதித்தால் வெடித்து ஆளைக் கொல்லும்.

எங்கும் கசியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டுச் சீனத் தச்சரின் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். இந்த ரயில் எங்கே போகும் என்று மலாய் மொழியில் கேட்டார். வேலி வரை போய்த் திரும்பும் என்றேன். அதற்கா இத்தனை வருஷம் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கையைக் கழுவ உள்ளே வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதுரைப் பக்கம் என் ஊரான விளாங்குடியில் என் முதல் எஞ்சின் ஓடியதும் இதே ஆனி மாதத்தில்தான்.

ஊரில் இருக்கும் நீங்கள் எங்களைப் பற்றி இரண்டு விதமாகத்தான் நினைக்கிறீர்கள். மலாயாக்காரன் வாரிக் குவிக்கிறான், அல்லது காட்டில் கிடந்து சாகிறான். வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தபின் அவன் என்ன செய்கிறான் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நான் ரயில் செய்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

2

நான் ஈப்போ பக்கம் ஓர் ஈயச் சுரங்கத்தில் பிட்டர். தண்ணீர் இறைக்கும் ராட்சதப் பம்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கப்பலேறியபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி பேச்சி வயிற்றில் பிள்ளையோடு வாசலில் நின்றாள். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்றேன். ரப்பரும் ஈயமும் விலை விழுந்த காலம் வந்தது. லீவில் போனவனுக்குத் திரும்பினால் வேலை இல்லை என்றார்கள். இரண்டு ஒன்பதானது. ஊரில் மகள் பிறந்தாள், பல் முளைத்தது, பள்ளிக்கூடம் போனாள். எல்லாம் எனக்குச் செய்தியாக வந்து சேர்ந்தது.

சாயங்காலங்கள்தான் என்னைத் தின்றன. பக்கத்து அறைகளில் கள்ளு ஓடியது, சீட்டு ஓடியது. இரண்டிலும் எனக்கு ருசி இல்லை. பட்டறையில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் பங்களாவுக்குப் பின்னால் குட்டி ரயில் விட்டுக்கொண்டிருந்தார். பொம்மை ரயில் இல்லை. கரி போட்டு, தண்ணீர் கொதித்து, ஆவியில் ஓடும் நிஜமான எஞ்சின், ஆனால் உயரம் முழங்காலுக்குக் கீழே. பின்னால் ஒரு பலகை வண்டியைக் கோத்து அதில் குதிரைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்து ஓட்டுவார். பெரிய மனிதர் ஒருவர் அதில் தலை கலைந்து போவதைப் பார்த்தபோது, நாமும் ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவர் சீமைக்குப் போகும்போது தன் சின்ன லேத்தை எனக்கு விட்டுவிட்டுப் போனார்.

எந்த எஞ்சினைச் செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. விளாங்குடியில் எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம் திண்டுக்கல் போகும் ரயில் பாதை. சின்ன வயதிலிருந்து பார்த்த அந்த மீட்டர் கேஜ் எஞ்சின் என் கண்ணுக்குள் இருந்தது. புகைபோக்கியின் விளிம்பு எப்படி வளையும், சக்கரத்துக்கு மேலே தகடு எங்கே வெட்டுப்படும் என்பதெல்லாம் படம் இல்லாமலே தெரியும். பேச்சியின் முகம் சில நாட்களில் சரியாக நினைவுக்கு வராது. அந்த எஞ்சின் ஒருநாளும் மறந்ததில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வெளியூரில் இருக்கும் பலருக்கு இதுதான் உண்மை.

சிலிண்டரை வெண்கலத்தில் வார்த்தேன், சக்கரத்தை இரும்பில் வார்த்து லேத்தில் கடைந்தேன். முதல் பாய்லர் சோதனையில் கசிந்தது. இரண்டாவதும் கசிந்தது. மூன்றாவது நின்றது. அந்த எஞ்சின் முடிந்த வருஷம் எனக்கு லீவு கிடைத்தது. யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி அது. பேச்சியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். எஞ்சினைத் தேக்குப் பெட்டியில் வைத்து, அவர்களுக்குக் காட்டக் கொண்டுபோனேன்.

3

நாகப்பட்டினம் சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி என் ஜில்லாக்காரர்போல் பேசினார், ஆனால் முகத்தில் உறவு இல்லை. இது இயந்திரமா, விளையாட்டுச் சாமானா என்று கேட்டார். எஞ்சின் என்றேன். எஞ்சின் என்றால் எந்த ஆலைக்கு, இறக்குமதி செய்ய உத்தரவு எங்கே என்றார். ஆலைக்கு இல்லை, வீட்டுக்கு என்றேன். வீட்டில் எஞ்சினை வைத்து என்ன செய்வாய் என்றார். ஓட்டுவேன் என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மற்றொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேர் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒருவர் புகைபோக்கிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விளையாட்டுச் சாமான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விடுகிறோம் என்றார்கள். போட்டேன். ஏழு வருஷ உழைப்பைப் பொம்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட கை அன்று முழுவதும் எனக்குக் கூசியது.

மதுரையில் இறங்கி மாட்டு வண்டி பிடித்தேன். வண்டிக்காரரிடம் "லெக்காஸ், லெக்காஸ்" என்று சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் என்பதற்கு மலாய்ச் சொல் அது. அவர் திரும்பிப் பார்த்து, எந்த ஊர்க்காரர் என்று மரியாதையாக விசாரித்தார். விளாங்குடி என்றேன். அவர் நம்பவில்லை.

வீட்டு வாசலில் மகள் பாண்டியம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இந்தா, அப்பா வந்துருக்காக பாரு" என்று பேச்சி இழுத்தும் வரவில்லை. எனக்கும் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

4

இங்கே இப்போது என் நாள் இப்படிப் போகிறது. விடிவதற்கு முன் சங்கு ஊதும். பகல் முழுக்கப் பம்பின் சத்தம். அது காதுக்குள் தங்கிவிட்டதால் ஞாயிறன்றும் எனக்குக் கேட்கும். சாயங்காலம் சோறு வடித்து, கருவாட்டைச் சுட்டுத் தின்றுவிட்டு, பின்கட்டில் லேத் முன்னால் உட்காருவேன். தண்டவாளம் வேலியோரமாக வாழைகளைச் சுற்றி ஓடுகிறது. எஞ்சின் இன்னும் இல்லாததால் பலகை வண்டியைக் காலால் உந்திப் பாதையைச் சோதிக்கிறேன். வளைவில் தண்டவாளம் சற்று விலகியிருந்தாலும் தொடையில் தெரிந்துவிடும்.

அந்த வண்டியில் இரண்டு பேர் உட்காரலாம். ஒருவராகப் போனால் பின்பக்கம் கனம் இல்லாமல் துள்ளுகிறது. அதனால் பின்னால் ஒரு மணல் மூட்டையைக் கட்டியிருக்கிறேன்.

5

விளாங்குடியில் எனக்குத் தோளோடு தோள் நின்றவர் பேச்சியின் அண்ணன் மொக்கைச்சாமி. மாப்பிள்ளை கொண்டுவந்தது குட்டி ரயில் என்று தெரிந்ததும், பனைமரம் ஒன்றை வெட்டிச் சட்டமாக அறுத்துக் கொடுத்தார். அதைத் துண்டுபோட்டுக் கட்டையாக அடுக்கி, மேலே பட்டை இரும்பைப் பதித்துத் தண்டவாளம் போட்டோம். வீட்டுக் கொல்லையிலிருந்து வயல் கேணி வரை ஒரே நேர்ப்பாதை. வேலை நடக்கும்போது ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. அங்கிட்டு நெசமான ரயிலே ஓசியாகப் பார்க்கக் கிடைக்கையில் இது எதற்கு என்றும் சிலர் கேட்டார்கள்.

பேச்சியிடம் மலாயாவுக்கு வருகிறாயா என்று முதல் வாரமே கேட்டேன். அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அங்கே செத்தால் யார் தூக்குவார்கள் என்று கேட்டாள். இங்கேயே இருந்துவிடலாமே என்று நானும் நினைத்தேன். ஆரப்பாளையம் வழியாக ஆற்றைக் கடந்து, ஒரு மில்லில் போய் வேலை கேட்டேன். வெளிநாட்டில் பார்த்த வேலைக்கான சீட்டு இங்கே செல்லாது, புதிதாகச் சேர வயதும் கடந்துவிட்டது என்றார் குமாஸ்தா. இரண்டு காரணங்களையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய காரியத்தில் மனசு இரண்டுபட்டால் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. பேச்சி அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதென்று நாள் குறித்தாள். அதற்கு முந்தின நாள் என் பெரியப்பா செத்துப்போனார். பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு. கருமாதி முடிந்தாலும் அந்த மாதம் கழியும்வரை கோயில் படியேறக் கூடாது. என் கப்பலோ மாதம் கழிவதற்குள் புறப்படுகிறது.

மூன்றாம் நாள் கொல்லையில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பேச்சி என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்கு வரணும்னும் இருக்கு, வர வேணாம்னும் இருக்கு. நானா ஒண்ணச் சொன்னா நாளைக்கு ஊரு என்னையத்தான் வையும். கோயிலுக்குப் போக முடியாது. அதனால இதுலயே கேட்டுக்கிறேன். ஒங்க ரயிலு கேணி வரைக்கும் போயிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துருச்சுன்னா, நான் வாரேன்."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. என் எஞ்சின் ஈப்போவில் நாள் முழுக்க ஓடிய எஞ்சின். கேணி வரை போய்த் திரும்புவது அதற்கு ஒரு வேலையா. அய்யனாரைவிட என் எஞ்சின் எனக்கு வேண்டியவன் என்று நினைத்துக்கொண்டேன். சரி என்றேன். கருமாதிக்கு மறுநாள் ஓட்டுவது என்று முடிவானது.

6

எங்கள் கேணித் தண்ணீர் உப்பு. அதை விட்டால் பாய்லருக்குள் காரை பிடிக்கும். அதனால் வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, துணியில் வடிகட்டி வைத்தேன். எஞ்சினுக்கு ஆற்றுத் தண்ணீர், எங்களுக்கு உப்புத் தண்ணீரா என்று மொக்கைச்சாமி கேலி செய்தார். கருவேலங்கரியைச் சின்னச் சின்னதாக உடைத்து வைத்தேன். ஆணி ஆணியாகப் பார்த்தேன். கருமாதியன்று நான் ஆற்றங்கரையில் பங்காளிகளோடு இருந்தேன்.

திரும்பி வந்தபோது எஞ்சின் கொல்லையில் தகதகவென்று நின்றது. தீட்டுக் கழியும் அன்று வீட்டிலிருக்கும் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் விளக்கிக் கவிழ்ப்பது வழக்கம். செம்பும் பித்தளையுமாக வீட்டுக்குள் இருந்த எஞ்சினைப் பேச்சி விட்டுவைப்பாளா. அதுவும் நாளைக்குச் சாமி பேசப்போகும் எஞ்சின். புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து விளக்கியிருந்தாள். அவள் கை விரல்கள் வெளிறிப்போயிருந்தன. "நல்லாருக்கா" என்று கேட்டாள். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தபோதுதான், அவள் சாமியிடம் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நல்லாருக்கு என்றேன். ஆனால் அச்சுகளில் சாம்பல் புகுந்திருந்தால் ஓட்டம் கெடும். அன்று மாலை முழுவதும் உட்கார்ந்து, சாம்பல் போன இடமெல்லாம் துடைத்து, ஒவ்வொரு அச்சுக்கும் தண்டுக்கும் எண்ணெய் விட்டேன். பம்பு வழியாகப் பாய்லருக்குத் தண்ணீர் தரும் தொட்டி வெளியே சுத்தமாக இருந்தது. உள்ளே நான் பார்க்கவில்லை. குடத்தை வெளியே மட்டும் விளக்கி, உள்ளே விளக்காமல் வைக்கிற பெண் எந்த ஊரில் இருக்கிறாள்?

மறுநாள் காலை எஞ்சினில் ஆவி ஏறியது. விசிலை இழுத்தபோது கூட்டம் ஒரு எட்டு பின்வாங்கியது. நான் பலகை வண்டியில் முன்னால், மொக்கைச்சாமி பின்னால். பேச்சி கொல்லைக் கதவருகே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எஞ்சின் கேணியை நோக்கி ஓடியது. அப்படி ஓடியது. பனஞ்சட்டங்கள் அதிரும் சத்தமும் புகையின் வாசமும் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதுவரை என் பக்கமே வராத பாண்டியம்மா, மற்ற பிள்ளைகளோடு தண்டவாளத்தை ஒட்டிக்கொண்டு ஓடி வந்தாள். வாய் நிறையச் சிரிப்பு. எஞ்சினைப் பார்த்துச் சிரித்தாள் என்றாலும் அதில் கொஞ்சம் எனக்கும் வந்தது என்று வைத்துக்கொண்டேன்.

கேணிக்கரையில் நிறுத்தி, திரும்புவதற்குமுன் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றப் பம்பை அடித்தேன். கைப்பிடியில் கனம் இல்லை. பம்பு இழுத்த தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் பாதிக்குக் கீழே நின்றது. பம்பைக் கழற்றிப் பார்க்க நெருப்பை அணைக்க வேண்டும். நெருப்பை அணைத்தால் ஓட்டம் முடிந்தது. இருக்கிற தண்ணீரில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பின்னோக்கி ஓட்டினேன்.

பாதி வழியில் கண்ணாடியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்து மறைந்தது. நெருப்புக்கு மேலிருக்கும் செம்பின்மேல் தண்ணீர் இல்லாவிட்டால், அது இளகிப் பாய்லர் வெடிக்கும். வீடு தெரிகிறது. பேச்சி கட்டிய கையை அவிழ்த்திருந்தது தெரிகிறது. இன்னும் கொஞ்ச தூரம்தான், ஒருவேளை தாங்கியிருக்கும். ஆனால் பாண்டியம்மா எஞ்சினுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஓடிவந்துகொண்டிருந்தாள். கம்பியை இழுத்து நெருப்பைக் கீழே கொட்டினேன்.

எஞ்சின் பெருமூச்சு விட்டு நின்றது. கூட்டம் எதுவும் புரியாமல் கைதட்டியது. மொக்கைச்சாமிக்குப் புரிந்துவிட்டது. இறங்கி வண்டியைப் பிடித்தார்.

"தள்ளிக்கிட்டுப் போவமா மாப்ள? தள்ளுனாலும் வந்தது வந்ததுதானே" என்று காதோடு கேட்டார்.

இருவரும் வீட்டைப் பார்த்தோம். பேச்சி வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

7

அன்று சாயங்காலம் பம்பைப் பிரித்தேன். அதற்குள் ஒரு சின்னக் குண்டு இருக்கும். அது தன் குழியில் சரியாக உட்கார்ந்தால்தான் தண்ணீர் முன்னால் போகும். குண்டுக்கு அடியில் ஒரு புளி நார் சிக்கியிருந்தது. மயிரளவு இருக்கும்.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். எனக்கு அப்போது சந்தோஷம். சாமியும் இல்லை, பூதமும் இல்லை, வெறும் புளி நார், இதை எடுத்துவிட்டால் நாளைக்கே நூறு தடவை போய்த் திரும்பும் என்று படபடவென்று சொன்னேன். தொட்டிக்குள்ளும் தேய்த்து, பம்புக்குத் தூசு போகாமல் தடுக்கும் சல்லடையையும் கழற்றி நீ விளக்கினாய் இல்லையா என்றேன். அவள் நாரை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். அழவில்லை. முகத்தில் ஏதோ தீர்ந்துபோனதுபோல் இருந்தது.

"அப்ப என் கையாலேயே சொல்லிருச்சு சாமி" என்றாள்.

நான் எத்தனையோ சொன்னேன். மறுபடி ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். ஒரு காரியத்துக்கு இரண்டு தடவை கேட்கக் கூடாது, அது சாமியைச் சோதிப்பது என்றாள். நான் காரணத்தைக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அவளுக்கு அது சாமியின் சொல்லாக உறுதியாகிக்கொண்டே போனது. வேறு ஏதாவது உடைந்திருந்தால்கூட வாதாடியிருக்கலாம். அவள் கைபட்ட நாரை வைத்துக்கொண்டு நான் என்ன வாதாடுவேன்.

கப்பலுக்குப் போகும்போது எஞ்சினை எடுத்துப் போக மனம் வரவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

8

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரர்கள் வந்த நாளிலிருந்து ஊரோடு எந்தத் தொடர்பும் இல்லை. எங்கள் சுரங்கத்து ஆட்கள் பலரை சயாமில் ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம்தான், திரும்பியவர்களும் பழைய ஆட்களாக இல்லை. பம்பு ஓட்ட ஆள் வேண்டும் என்பதால் என்னை விட்டுவைத்தார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிரோடு கிடந்தேன். ஜப்பான்காரர்கள் தோற்றதும், சேர்த்து வைத்த அவர்களுடைய நோட்டுகள் எல்லாம் ஒரே நாளில் காகிதமாகிப் போயின. பேச்சியும் மகளும் இங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைக்காத நாள் இல்லை. அந்தப் புளி நாருக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்றுகூட நினைத்தேன். அதுவும் என்னால் முடியவில்லை.

9

கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போனேன்.

பேச்சிக்கு முன்தலையில் நரை. பாண்டியம்மாவுக்குக் கல்யாணமாகிக் கையில் குழந்தை. "வாங்க, உக்காருங்க" என்று மகள் சம்பந்தி வீட்டு ஆளுக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பாய் விரித்தாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, மரியாதையாகத்தான் நடத்தினாள்.

எஞ்சின் எங்கே என்று கேட்டேன். மொக்கைச்சாமி சற்றுத் தயங்கிவிட்டு, வீட்டுக்குள் சாமி மாடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஞ்சினின் புகைபோக்கியில் மல்லிகைச் சரம், பாய்லர் நெற்றியில் சந்தனம், குங்குமம். கப்பலேற இருந்த பேச்சியை நிறுத்தி உயிரைக் காப்பாற்றிய சாமி என்று யுத்த காலத்தில் பேர் பரவிவிட்டதாம். மலாயாவிலும் பர்மாவிலும் புருஷனையும் பிள்ளையையும் விட்டிருந்த பெண்கள், சமயநல்லூரிலிருந்தும் பசுமலையிலிருந்தும்கூட வெள்ளிக்கிழமைகளில் வந்து எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றிய எண்ணெய் காய்ந்து, சக்கரமும் தண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். "குளிச்சிட்டுத் தொடுங்க மாப்ள" என்றார் மொக்கைச்சாமி. அவர் கேலி செய்யவில்லை.

மூன்று மாதம் இருந்தேன். இருந்தேன் என்பதைவிடத் தங்கினேன் என்பதே சரி. பேச்சுவாக்கில் மலாய்ச் சொற்கள் விழுந்தன, பாண்டியம்மாவின் குழந்தை என்னைப் பார்த்தால் அழுதது. சுரங்கத்தில் பழைய வேலை திரும்பக் கிடைத்திருந்தது. குறித்த நாளில் போகாவிட்டால் அதுவும் போய்விடும். பேச்சியை இந்தத் தடவை நான் கூப்பிடவில்லை. அவளும் என்னை இருக்கச் சொல்லவில்லை. இருவரும் நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம், பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வதுபோல.

புறப்படும் நாள் காலையில் வண்டி வாசலில் நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு, விடைபெற உள்ளே போனேன். பேச்சி மாடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அன்னைக்கு நான் வரலாமான்னு மட்டும்தான் கேட்டேன். நீங்க போகலாமான்னு கேக்காம விட்டுட்டேன்."

"இப்பக் கேட்டாத்தான் என்ன?" என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"கேக்குறேன். போக வேணாம்னு சொல்லிருச்சுன்னா, நீங்க இருந்துருவீங்களா?"

சட்டைப் பையில் கப்பல் சீட்டு இருந்தது. என் கை அதைத் தொட்டுப் பார்த்தது. அதைக் கண்டவள் சாமியிடம் கேட்கவில்லை. வெளியே வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிவிட்டுக் குரல் கொடுத்தார், நான் போய் ஏறிக்கொண்டேன்.